அக்கா பேசாத இரண்டு மாதம்

ஜனவரி 9

அன்புள்ள வாத்திக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நேற்று ஏழு மணிக்குப் போனில் கேட்டு, என்னை எருமை என்று நீ திட்டியதையும் வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். தையல் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. பெல்ட் மறுபடி அறுந்துவிட்டது.

இந்த விஷயத்தை நேற்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் குறுக்கே பேசி வேண்டாம் என்பாய். காகிதத்தில் என்றால் முழுவதும் படித்துத்தானே ஆக வேண்டும்?

சின்ன வயதில் உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா, கோட்டுக்குப் பட்டன் வைக்கக் கடைக்கு வந்தார். இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கென்று இன்சுலினும் ஊசியும் விரலைக் குத்திப் பார்க்கும் பட்டையும் தனியாக வைத்துக் கொடுப்பாரே, நமக்கும் கொடுத்தாரே, அது இப்போது நின்றுபோகும் நிலையில் இருக்கிறதாம். உதவி செய்த சங்கத்தின் கை வறண்டுவிட்டது. ஒரு பெண் பிள்ளை ஒரே ஊசியைப் பத்து நாள் போட்டுக்கொள்கிறாள் என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்பினேன். எதிர்க்கடை பேக்கரிக்காரர் தாங்க முடியாமல், "நீங்க ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்கக்கா, அதுக்கே நான் காசு தர்றேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசி வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஆளாளுக்கு ஒரு தொகை எழுதியிருக்கிறார்கள். இடையில் ஒரு சொல் விழுந்தாலும் யாரும் எதுவும் தர வேண்டாம், முதல் நாளிலிருந்தே செல்லாது என்று வீறாப்பாக நானே சொல்லிவிட்டேன். போனில் விரலால் பேசுவதும் கூடாது, எழுதினால் தபாலில்தான் என்று மாமா சேர்த்துக்கொண்டார். இருப்பதிலேயே பெரிய தொகை மாமாவுடையது. அதை நான் மறக்க மாட்டேன்.

என் ஒரே கவலை நம் ஏழு மணி போன்தான். சர்க்கரை இறங்கினால் உனக்கு இப்போதெல்லாம் நடுக்கமும் இல்லை, வியர்வையும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு உன் பேச்சு போதும். "சொல்லுங்க அக்கா, ரொம்ப நன்றி அக்கா" என்று நீ குழைய ஆரம்பித்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வயதிலிருந்தே அப்படித்தானே. "இவன் மரியாதை குடுத்தா உடனே சர்க்கரை குடு" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நான் பேசாத நாட்களில் பஸ் டிப்போவிலிருந்து மாமா தினமும் உன்னைக் கூப்பிடுவார். சம்மதமா? உன்னைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியை மறக்காதே.

உன் அக்கா

ஜனவரி 16

அன்புள்ள ரேடியோ அக்காவுக்கு,

சுகம். நீயும் மாமாவும் சுகமா? மெஷின் எழுந்து உட்கார்ந்ததா?

உன் கடிதத்தில் ஏழு பிழைகள். சிவப்பு மையில் வட்டம் போட்டு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குக் கடிதம் எழுதினால் இதுதான் கதி.

இரண்டு மாதம் நீ பேசாமல் இருப்பாய் என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் என் பெயரிலும் ஒரு தொகை எழுதிக்கொள். ஏழு மணிக்கு என் காது ஓய்வெடுக்கும் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்.

மாமா கூப்பிடட்டும், எனக்குச் சம்மதம்தான். முப்பத்தைந்து வயது ஆளை இன்னும் ஒன்பது வயதுப் பையனாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அச்சகத்தில் என் விஷயம் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். முன்பு இருந்த வேலையில் தெரிந்ததும் என்னைக் கண்ணாடிச் சாமான் போலத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். கடைசியில் ஒரேயடியாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள்.

ஒரே ஊசி பத்து நாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். நான்காவது நாளே அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ செய் அக்கா.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள வாத்திக்கு,

சுகமா? மாமா தினமும் வேலை முடிந்து வந்து "நல்லா இருக்கானாம்" என்கிறார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியவில்லை. அந்த மனுஷன் வாயிலிருந்து வார்த்தை வாங்க நானே பேசினாலும் கஷ்டம், சிலேட்டில் எழுதிக் காட்டி என்ன வாங்குவது?

ஆமாம், கழுத்தில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. அளவு எடுக்கும்போது அது வாடிக்கையாளர் முகவாயில் இடிக்கிறது. முதல் இரண்டு நாள் நாக்கு நமநமவென்று இருந்தது. தூக்கத்தில் பேசினால் கணக்கில் வராது என்று பேக்கரிக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மெஷின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கடையை இரண்டு சுற்று சுற்றினேன். கத்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

விரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் நினைவு வந்தது. தினமும் நான்கு தடவை குத்திக்கொள்கிறாய். ஒரு நாள்கூட நீ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருக்கலாமேடா.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விரல் ஆறிவிட்டதா? இந்தக் கடிதத்தில் நான்கு பிழைகள்தான். பேசாமல் இருந்தால் உனக்கு எழுத்து கூடி வருகிறது.

மாமா தவறாமல் கூப்பிடுகிறார். எங்கள் பேச்சு முழுவதையும் கீழே தருகிறேன். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேங்க மாமா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேங்க மாமா." "சரிப்பா." "சரிங்க மாமா." இதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கம் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருக்கிறது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிரதி. நல்ல வேளையாக அச்சு மெஷின் மேஸ்திரி கண்ணில் பட்டது. அன்றைக்குத் தலை கொஞ்சம் கனமாக இருந்தது, சரியாகத் தூங்கவில்லை. பிள்ளைகள் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டால் நல்லதுதான் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 22

அன்புள்ள வாத்திக்கு,

உன் தலைக்கனம் இப்போது எப்படி? நான் சொல்வது இரண்டாவது தலைக்கனம். முதலாவது உனக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

பேசாதவளிடம் எல்லோரும் பேசுகிறார்கள். என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்று ஊரே கடையில் வந்து மனதைக் கொட்டுகிறது. பேன்ட் கொடுக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், முப்பது வருஷமாகத் தன் மனைவியின் சமையல் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். ஏப்ரல் வரை இதையெல்லாம் எப்படி வயிற்றில் வைத்திருப்பேனோ தெரியவில்லை.

நேற்று நர்ஸம்மா அந்தப் பெண் பிள்ளையைக் கூட்டி வந்தார். எட்டு வயது. ஒல்லியாக, நீ அப்போது இருந்தது போலவே இருக்கிறாள். சிலேட்டைப் பிடுங்கி ஒரு பூனை வரைந்தாள். ஏப்ரலிலிருந்து தினம் ஒரு புது ஊசி என்று நர்ஸம்மா அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இனி என் வாயிலிருந்து காற்றுகூட வராது.

சர்க்கரை அளவு எவ்வளவு வருகிறது என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அடுத்ததில் எழுது.

உன் அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பரீட்சைப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. போதாததற்கு என் கண்ணாடி உடைந்துவிட்டது. நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கண்ணாடி விரிசலோடு இருக்கிறது. எல்லா வரியும் நடுவில் ஒடிந்து தெரிகிறது.

மேஸ்திரி நான் நினைத்தது போல இல்லை, நல்ல மனிதர். அன்றைக்குத் தன் காசில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெண் பிள்ளை வரைந்த பூனையை அழித்துவிட்டாயா? அழிக்காமல் வேறு சிலேட்டு வாங்கிக்கொள். இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா. நடுவில் எதற்காகவும் வாயைத் திறந்துவிடாதே.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

குளிக்கும்போது தவிர நீ கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதன் மேல் எப்படி உட்கார்ந்தாய்? மேஸ்திரி எதற்கு உனக்கு ஜூஸ் வாங்கித் தர வேண்டும்? கேட்டதற்கு அளவும் எழுதவில்லை. மாமாவிடம் சிலேட்டை நீட்டினேன். "நல்லாத்தான் பேசுறான்" என்கிறார்.

என்னிடம் எதையாவது மறைக்கிறாயா? ஒரு வாரத்து அளவுகளை எழுதி உடனே அனுப்பு. பிழை பார்க்க வேண்டாம், வேடிக்கையாக எதுவும் எழுத வேண்டாம். அளவு மட்டும் போதும்.

உன் அக்கா

மார்ச் 17

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்களும் மாமாவும் நலமாக இருக்கிறீர்களா? தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. தாங்கள் கேட்டபடி அளவுகளை எழுதுகிறேன். புதுக் கண்ணாடி வாங்கிவிட்டேன். ஜன்னல் திறந்திருக்கிறது. தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. தாங்கள் கேட்டபடி அளவுகளை எழுதுகிறேன். வேலைக்குப் போக வேண்டும். தாங்கள் சிரமப்பட வேண்டாம். தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி.

இப்படிக்குத்
தங்கள்

மார்ச் 21

என் செல்லத் தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்டு இனி ஏமாற மாட்டேன். உன் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே படித்துப் பார்.

நேற்று அது கடைக்கு வந்தது. பேக்கரிக்காரர் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றார். "மதிப்பிற்குரிய" என்ற சொல்லைப் பார்த்ததுமே நன்றிகளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு நன்றி, இரண்டு நன்றி. மூன்றாவது நன்றிக்குள் நாடாவைக் கீழே போட்டுவிட்டுப் பேக்கரிக்காரர் சட்டைப்பையிலிருந்து அவர் போனைப் பிடுங்கினேன். நீ எழுதி மூன்று நாள் ஆகிவிட்டது என்பது மண்டையில் ஏறவே இல்லை. நீ எடுத்ததும், "டேய், சர்க்கரை பாத்தியா?" என்று கத்தினேன். தொண்டை துருப்பிடித்த கதவு போல இருந்தது.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "எருமை, பேசிட்டியே. இன்னும் கொஞ்ச நாள்தானே இருந்துச்சு. எல்லாம் போச்சே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். எனக்கு எருமை மட்டும்தான் காதில் விழுந்தது. துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். பேக்கரிக்காரர் அளவுக்கு நீட்டிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. மாமாவிடம் நீ எப்போதுமே வாங்க போங்கதான். சர்க்கரை இருந்தாலும் மரியாதை, இறங்கினாலும் மரியாதை. அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கு உதவப்போய், என் வீட்டுப் பிள்ளையைக் காதில்லாதவனிடம் ஒப்படைத்துவிட்டேன். மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

பணம் தருவதாகச் சொன்ன ஒவ்வொருவரிடமும் போய், பேசிவிட்டேன், எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியாக நர்ஸம்மாவிடம் போனேன். அந்தப் பெண் பிள்ளை இருந்தாள். "பேசுறீங்களே, உங்க குரல் இப்படியா இருக்கும்?" என்று கேட்டாள்.

அவளுக்காக நான் வருத்தப்படுகிறேன். பேசியதற்காக வருத்தப்படவில்லை. நீ என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே வருகிறார். கதவைத் திற.

உன் அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். மாமா ஊர் திரும்பி உன்னிடம் அதிகம் சொல்லியிருக்க மாட்டார். இங்கே ஒரு வாரம் இருந்தார், மொத்தம் பத்து வாக்கியம் பேசியிருப்பார். டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனது அவர்தான். இன்சுலின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மாலை எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் குத்திப் பார்க்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலப்பா" என்றார். அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டது நான்தானே.

பிப்ரவரியில் அச்சகக் கழிவறையில் விழுந்தேன். கண்ணாடி உடைந்தது அப்போதுதான். மேஸ்திரி தூக்கி உட்காரவைத்தார். காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். மார்ச்சில் அறையிலேயே இன்னொரு தடவை. சொன்னால் நீ பேசிவிடுவாய், பேசினால் அந்தப் பெண் பிள்ளைக்கு ஊசி இல்லை. அதனால் மென்று விழுங்கிவிட்டேன். பதினேழாம் தேதிக் கடிதத்தை எழுதியதும், ஒட்டியதும், தெருமுனைப் பெட்டியில் போட்டதும் எனக்கு நினைவே இல்லை. நீ திருப்பி அனுப்பியதைப் படித்தேன். அதில் ஓர் அளவுகூட இல்லை அக்கா.

உன் மேல் கோபத்தில் நான் எழுதாமல் இருந்ததாக நினைக்காதே. இத்தனை வருஷமாக என் சர்க்கரையை நானே பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் போன் தொல்லை என்று வேறு பேசினேன். அதை ஜீரணிக்கத்தான் இத்தனை நாள் ஆனது.

போன திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றேன். என் உடம்பைப் பற்றிச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஊசி இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். பிறகு, "எங்க அக்கா வாயை மூடுறதுக்குக் காசு தர ஆள் இருந்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு யாராவது தருவீங்களா?" என்று கேட்டேன். இனி தினமும் ஏழு மணிக்கு நானே உன்னைக் கூப்பிட்டு, நீ கேட்பதற்கு முன்பே அளவைச் சொல்ல வேண்டும். சொன்ன நாளுக்கெல்லாம் அவர்கள் தர வேண்டும். மேஸ்திரிதான் முதலில் கை தூக்கினார். "பதினோரு வருஷத்துல இவன் இவ்வளவு நேரம் பேசி இப்பதான் பாக்கறேன், நான் தர்றேன்" என்றார். யாரும் என்னைத் தூக்கி வெளியே வைக்கவில்லை. என் மேஜையில் மட்டும் யாரோ தினமும் ஒரு ஜூஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இருபதாம் தேதியிலிருந்து ஏழு மணிக்குப் போன் பக்கத்தில் இரு.

உன் தம்பி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, இப்போதுதான் நீயே சொல்லிவிடுகிறாயே. நாங்களும் சுகம். தினமும் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அச்சகத்துப் பணம் நர்ஸம்மாவுக்கு வந்துவிட்டது. இங்கேயும் பாதிப் பேர் செல்லாததைச் செல்லும் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார்கள். மீதிப் பேர் பந்தயம் பந்தயம்தான் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. அந்தப் பெண் பிள்ளைக்கும் இன்னும் சிலருக்கும் இந்த வருஷம் முழுவதும் புது ஊசி உண்டு. மற்றவர்களுக்கு என்ன செய்யலாம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஏழு மணி ஆவதற்கு முன்பே போன் அடித்தது. "அக்கா, ஐம்பத்தாறுக்கு இறங்கிடுச்சு. ஜூஸ் குடிச்சிட்டேன், இப்ப ஏறிட்டு இருக்கு. கொஞ்சம் பயமா இருந்துச்சு. அதான் சீக்கிரமே கூப்பிட்டேன்" என்றாய்.

நீ முதன்முதலாக ஊசி போட்டுக்கொண்ட நாளில் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். பயமாக இருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு இல்லை என்றாய். அதற்குப் பிறகு ஆயிரம் தடவை நானும் கேட்டுவிட்டேன். ஒரு தடவைகூட நீ ஆமாம் என்று சொன்னதில்லை.

நேற்று நான் கேட்கவே இல்லை. நீயாகச் சொன்னாய்.

அதன் பிறகு "லைன்ல இருக்கியா, லைன்ல இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். போன் கெட்டுவிட்டதோ என்று மாமா வாங்கித் தட்டிப் பார்த்தார். அது கெடவில்லை. நான் லைனில்தான்டா இருந்தேன். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

உன் அக்கா